ஒன்பதாவது ஷரத்து

எல்லைக்கு வடக்கே, மலர்ச்சோலை விடுதி
11 பிப்ரவரி 2005

அன்புள்ள இன்பெங்,

நலமாக வந்து சேர்ந்தேன். இந்த விடுதியில் தொலைபேசியில் எதையும் பேசக் கூடாது என்று எங்கள் வர்த்தகப் பேச்சுவார்த்தைக் குழுவுக்குக் கட்டளை. சுவருக்கும் காது உண்டாம். நம் ஊரில் தொலைபேசியே கிடையாது என்பதால் நமக்கு அது பெரிய நஷ்டமில்லை. லாரிக்காரர் கெம்சாய் எல்லைக் கேட்டைத் தாண்டி இங்கே சரக்கு இறக்க வரும்போதெல்லாம் என் கடிதத்தை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். பிரித்துப் படிக்கமாட்டார். படித்தாலும் ஊரெல்லாம் சொல்லமாட்டார், அவர் மனைவியிடம் மட்டும் சொல்வார். மிச்சத்தை அவள் பார்த்துக்கொள்வாள்.

நேற்று வரவேற்பு விருந்து. மேசை சுழன்றுகொண்டே இருந்தது, பதார்த்தங்கள் வந்துகொண்டே இருந்தன. எங்கள் குழுத் தலைவர் சொம்வாங் ஒவ்வொரு கிண்ணத்துக்கும் எழுந்து நின்று, "பெரியண்ணன் நாட்டுக்கு!" என்று குடித்தார். ஐந்தாவது தடவை எழுந்தபோது நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். பேச்சு தொடங்கும் முன்பே இப்படி ஒருவர் குனிந்து நிற்பதைப் பார்க்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீ கட்டிக்கொடுத்த ஒட்டரிசிச் சோற்றையும் மிளகாய்த் துவையலையும் அறைக்குப் போய்த் தின்றேன். அதுவும் தீர்ந்துவிட்டது.

இரு நாட்டு ஒப்பந்த வரைவில் ஒன்பதாவது ஷரத்து என்று ஒன்று இருக்கிறது. உனக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது, அதனால் சொல்கிறேன். நம் வடமாவட்டங்களில் ஏற்றுமதிக்குத் தர்பூசணி போடுகிறவர்கள் இனி அவர்கள் கைகாட்டும் கம்பெனியிடம்தான் விதை வாங்க வேண்டும். விளைந்ததை அவர்களுக்கு மட்டும்தான் விற்க வேண்டும். விலையை அவர்கள் சொல்வார்கள். நோய் என்று சந்தேகம் வந்தால் முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டை மூடலாம். பத்து வருஷத்துக்கு!

நான் ஒத்துக்கொள்ள முடியாது என்றேன். சொம்வாங் என் காதருகே குனிந்து, "என்னம்மா வன்னாலி, ஒரு தர்பூசணிக்குப் போய் இவ்ளோ மல்லுக்கட்டா?" என்றார்.

"இன்னிக்குத் தர்பூசணி சார். நாளைக்கு வாழை, ரப்பர், கரண்டு. எல்லாத்துக்கும் இதையே முன்மாதிரின்னு நீட்டுவாங்க."

எதிர்த்தரப்பின் தலைவி லியாங் அம்மையார் நம் மொழியை நம்மைவிடச் சுத்தமாகப் பேசுகிறார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "தங்கச்சி, எங்க ஒரு மாவட்டத்துல இருக்கற ஜனம் உங்க நாடு முழுக்கச் சேர்த்தாலும் இல்ல. கோவிச்சுக்காதீங்க, கணக்கைத்தான் சொன்னேன்."

"கணக்கு சரிதான் அக்கா. ஆனா மாவட்டத்துக்குத் தனிக் கொடி கிடையாதே," என்றேன்.

அவருக்கு அது பிடித்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். சொம்வாங்குக்குப் பிடிக்கவில்லை.

முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொள். தண்ணீர் பாய்ச்ச ஆள் வைத்துக்கொள், நீயே குனிந்து நிமிராதே.

அன்புடன்,
வன்னாலி

—

நாசாங் கிராமம், லுவாங் நம்தா
19 பிப்ரவரி 2005

அரசாங்க அம்மாவுக்கு உன் விவசாயி எழுதுவது.

கொடி விஷயத்தைக் கெம்சாயிடம் வாசித்துக் காட்டினேன். (அவர் ஏற்கெனவே படித்துவிட்டார் என்பது அவர் சிரித்த விதத்திலேயே தெரிந்தது.) பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையோடு ஒரு நாள் முழுக்க வேலை செய்தேன்.

மறுநாள் கேட்டை மூடிவிட்டார்கள். பழத்தில் பூஞ்சை இருக்கிறதாம். ஆள் போகலாம், காலி லாரி போகலாம், பழம் ஏற்றிய லாரி மட்டும் போகக் கூடாது. எல்லைச் சாலையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. டிரைவர்கள் லாரிக்கு அடியில் பாய் விரித்துச் சீட்டு விளையாடுகிறார்கள். ஒருவன் என்னைப் பார்த்து, "அண்ணே, பூஞ்சை பழத்துலயா இருக்கு? காகிதத்துலதான் இருக்கு" என்றான். எல்லோரும் சிரித்தோம். பிறகு யாரும் சிரிக்கவில்லை.

உன் அம்மா உனக்கு விட்டுப்போன ஆற்றோர வயலில் இந்த வருஷம் காய்ப்பு அபாரம். நீ பார்த்திருக்க வேண்டும். கொடிக்கு இடையில் கால் வைக்க இடமில்லை. பறிக்காமல் விட்டால் வெயிலில் வெடிக்கும், பறித்துவிட்டால் வைக்க இடமில்லை. சாகுபடியாளர் சங்கத் தலைவர் என்று ஒரு பட்டத்தை நீங்களெல்லாம் சேர்ந்து எனக்கு மாட்டிவிட்டீர்களே, அந்தப் பட்டத்துக்காக எல்லோரும் காலையிலேயே வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "வன்னாலி என்ன சொல்லுது?"

நான் என்ன சொல்ல? நீ எனக்குச் சொன்னால் நான் அவர்களுக்குச் சொல்கிறேன். கேட் எப்போது திறக்கும்?

அன்புள்ள,
இன்பெங்

—

மலர்ச்சோலை விடுதி
25 பிப்ரவரி 2005

அன்புள்ள இன்பெங்,

பூஞ்சையும் இல்லை, காளானும் இல்லை. ஒன்பதாவது ஷரத்துக்கு நான் மறுபடியும் தலையாட்ட மறுத்தேன், மறுநாளே கேட்டை மூடினார்கள். காலையில் பேச்சைத் தொடங்கும்போது லியாங் அம்மையார், "உங்க ஊர்ல எல்லாரும் சௌக்கியமா? பழமெல்லாம் நல்லா இருக்கா?" என்று விசாரிக்கிறார். அத்தனை பாசமாக விசாரிக்கிறார். எனக்கு உடம்பு கூசுகிறது.

அதைவிடக் கூசுவது எங்கள் பக்கம். நேற்று எல்லோருக்கும் பரிசாகக் கைக்கடிகாரம் வந்தது. நம்மவர்கள் சின்னப் பிள்ளைகள்போல மணிக்கட்டை நீட்டி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எனக்கு வந்ததை மேசையிலேயே வைத்துவிட்டு வந்தேன். சாயங்காலம் பார்த்தால் சொம்வாங் இரண்டு கையிலும் கட்டியிருக்கிறார்! "நீ வேணாம்னு விட்டியேம்மா, பொருள் வீணாப் போகக் கூடாதுல்ல" என்றார். இந்த ஆளோடு சேர்ந்து நாட்டின் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரே பக்கத்தில் உட்கார வேண்டியிருக்கிறது.

நாம் இப்போது இறங்கிவிட்டால், கேட்டை மூடினால் இவர்கள் இறங்குவார்கள் என்று அவர்கள் கற்றுக்கொள்வார்கள். ஒவ்வொரு வருஷமும் உன் பழம் பழுக்கும் நேரத்தில் மூடுவார்கள். பழுத்த பழத்தைக் கையில் வைத்திருப்பவனால் பேரம் பேச முடியாது, அது அவர்களுக்குத் தெரியும். அதனால் கொஞ்சம் பொறுங்கள். தெற்கே எல்லை ஆற்றைக் கடந்து பக்கத்து நாட்டில் விற்க வழி இருக்கிறதா என்று பார். உங்களுக்கு நிவாரணம் கேட்டு, தலைநகர் வியஞ்சானுக்கு எழுதியிருக்கிறேன். கோப்பு நகர்கிறது என்று பதில் வந்திருக்கிறது.

கோபப்படாதே. நீ கோபமாக இருக்கும்போது சாப்பிடமாட்டாய், எனக்குத் தெரியும்.

உன்,
வன்னாலி

—

நாசாங்
4 மார்ச் 2005

வன்னாலி,

கோப்பு நகர்கிறது என்று எழுதியிருந்தாய். இங்கே நகர்வது புழு மட்டும்தான்.

தெற்கே இரண்டு லாரி அனுப்பினோம். மலைச்சாலையில் பாதிப் பழம் நசுங்கிவிட்டது, மீதிக்கு அங்கே கேட்ட விலை டீசலுக்குக்கூடக் காணவில்லை. எல்லைச் சாலையில் நின்ற லாரிகளில் இருந்த பழத்தைக் கால்வாயில் கொட்டிவிட்டார்கள். சிவப்பாக நுரைத்துக்கொண்டு கிடக்கிறது. ஈ மொய்த்து, தண்ணீர் தெரியவில்லை. அந்த நாற்றம் துணியில், தலைமுடியில், சோற்றில் ஏறிவிட்டது. புளித்த பழ நாற்றம் முதலில் இனிப்பாகத்தான் இருக்கும், அதுதான் குமட்டுகிறது. பன்றிக்குப் போட்டோம். முதலில் தின்றது, இப்போது அதுவும் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறது.

நேற்று புவா அக்கா வந்தார். புருஷன் போன பிறகு தனியாளாக அந்த மேட்டு நிலத்தில் போட்டவர். வண்டி நிறையப் பழத்தோடு வந்து நம் வீட்டுப் படிக்கட்டில் ஒவ்வொன்றாக எடுத்து அடித்து உடைத்தார். "உம் பொண்டாட்டி அங்க நாற்காலியில ஒக்காந்துகிட்டுக் கேட்டைத் திறக்க விடமாட்டேங்கறா! இந்தா, நீயே தின்னு! அவளுக்கும் ஒரு துண்டு அனுப்பு!" நான் உள்ளேயே இருந்தேன். கதவைத் திறக்கவில்லை. எனக்கு என் மீதே அசிங்கமாக இருந்தது. அவர் போன பிறகு படிக்கட்டைக் கழுவினேன்.

விதைக் கம்பெனிக்காரர் வெய் இரண்டு நாளாக ஊரில்தான் தங்கியிருக்கிறார். பீர் வாங்கிக் கொடுக்கிறார், எல்லோருடைய பெயரும் தெரிந்து வைத்திருக்கிறார். வயலில் மிச்சம் நிற்பதை வாங்கிக்கொள்வதாகச் சொல்கிறார்.

நீ பெரிய விஷயங்களைப் பார்த்துக்கொள். சின்ன விஷயத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இன்பெங்

—

மலர்ச்சோலை விடுதி
8 மார்ச் 2005

இன்பெங்,

கெம்சாய் அவசரமாகக் கிளம்புகிறார், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். அந்த வெய்யிடம் யாரும் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது. சங்கத்தைக் கூட்டி இன்றைக்கே சொல். இங்கே மேசையில் கிடைக்காததை அங்கே வீடு வீடாக வாங்கப் பார்க்கிறார்கள். ஊர் முழுக்கத் தானாகவே ஒத்துக்கொண்டது என்று காட்டிவிட்டால் என் வாயை அடைத்துவிடலாம். இன்னும் ஒரு வாரம்தான். அவர்கள் பக்கமும் களைத்திருக்கிறது. ஏழு நாள் முன்னறிவிப்பு இல்லாமல் கேட்டை மூடக் கூடாது என்று நான் கேட்டதற்கு நேற்று முதல்முறையாக அவர்கள் இல்லை என்று சொல்லவில்லை.

புவா அக்காவிடம் நான் வந்து பேசுகிறேன் என்று சொல். உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், கையெழுத்து மட்டும் வேண்டாம்.

வன்னாலி

—

நாசாங்
9 மார்ச் 2005

அன்புள்ள வன்னாலி,

என் போன கடிதத்துக்கு உன் பதில் இன்னும் வரவில்லை. வருவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கையெழுத்துப் போட்டாயிற்று. அவர்கள் விதை, அவர்களுக்கே விற்பனை, பத்து வருஷம். நீ அங்கே எதை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறாயோ, கிட்டத்தட்ட அதேதான். போட்டவர்களின் வயலில் மறுநாளே லாரி வந்து பழத்தை ஏற்றிக்கொண்டு போனது. அந்த லாரிக்குக் கேட் திறந்தது. எங்கள் பழத்தில் இருந்த பூஞ்சை ஒரு கையெழுத்தில் குணமாகிவிட்டது பார்.

வெய் ஒரு நிபந்தனை வைத்தார். "தலைவர் வீட்டு வயல்தான் முதல்ல வரணும். அப்பத்தான் மத்தவங்களுக்கு தைரியம் வரும்." வயல் உன் பெயரில் இருக்கிறது என்றேன். "அம்மா ஊர்ல இல்லைன்னா என்ன, வீட்டுக்காரர் நீங்க இருக்கீங்களே" என்றார். எல்லோரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். புவா அக்காவும்தான். உன் பெயரை நானே எழுதினேன்.

தப்புதான். ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று வாரமாக நாடு, நாடு என்று எழுதுகிறாயே, அந்த நாடு இங்கே ஒரு தடவையாவது வந்து எட்டிப் பார்த்ததா? ஒரு அதிகாரி, ஒரு மூட்டை அரிசி? கம்பெனிக்காரன் அயோக்கியன்தான், ஆனால் அவன் வந்தான். நீ விடாமல் பிடித்த பிடியின் கனத்தையெல்லாம் நாங்கள்தானே முதுகில் சுமந்தோம். உங்கள் மேசையில் யாருக்காவது வியர்த்ததா?

வந்தபின் என்னைத் திட்டு. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வீட்டுக்கு வா.

உன்,
இன்பெங்

—

வியஞ்சான்
21 மார்ச் 2005

திரு. இன்பெங் அவர்களுக்கு,

உங்களுடைய ஒன்பதாம் தேதிக் கடிதம் பதினாறாம் தேதி மாலை எனக்குக் கிடைத்தது. அதில் இருந்த செய்தி அன்று காலையிலேயே கிடைத்துவிட்டது. லியாங் அம்மையார் சொன்னார்.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஊரில் ஆளுக்கொரு விதமாகப் பேசுவார்கள், உங்களுக்காவது சரியாகத் தெரியட்டும்.

பேச்சின் கடைசிக் கட்டம். நம் தூதரகத்திலிருந்து ஒருவரும் வந்திருந்தார். லியாங் அம்மையார் தேநீரை என் பக்கம் நகர்த்திவிட்டு, "தங்கச்சி, ஒன்பதாவதுக்கு உங்க ஒருத்தரோட ஆட்சேபம்தான் இருக்கு. ஆனா உங்க வயல்தான் முதல்ல எங்ககிட்ட வந்திருக்கு. உங்க வீட்டுக்கு நல்லதா இருக்கறது உங்க நாட்டுக்கு மட்டும் கெடுதலா?" என்றார். வெய் ஊரில் வாங்கிய ஒப்பந்தத்தின் நகலை என் முன்னால் வைத்தார். என் பெயர். என் அம்மாவின் வயலுடைய எல்லைகள்.

சொம்வாங் தொடையில் தட்டிச் சிரித்தார். "அடடே! வெளியில ஒரு கொள்கை, வீட்டுக்குள்ள ஒரு கொள்கையா வன்னாலி? எங்களையெல்லாம் நல்லா ஏமாத்தினியே!" எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். எதிர்ப்பக்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. அதை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் ஒன்பதாவது ஷரத்து அங்கேயே நிறைவேறியிருக்கும். வாயைத் திறந்தால் உங்களுக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். தேநீரைக் குடித்து முடிக்கும் வரை யோசித்தேன்.

"இது என் கையெழுத்து இல்லை," என்றேன்.

"அப்ப யாரோடது?"

"என் கணவருடையது. எனக்குத் தெரியாமல் போட்டது. இதைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள்."

தூதரகத்துக்காரர் எழுதிக்கொண்டார். அதன் பிறகு யாராலும் அந்தக் காகிதத்தைத் தொட முடியவில்லை. பொய்க் கையெழுத்தை மேசையில் வைத்து இரண்டு அரசுகள் பேசின என்ற பேச்சு அவர்களுக்கும் ஆகாது. கூட்டத்தைக் கலைத்தார்கள். மறுநாள் வரைவில் ஒன்பதாவது ஷரத்து இல்லை. கேட்டை மூட வேண்டுமானால் மூன்று நாள் முன்னறிவிப்பும் இரு தரப்புப் பரிசோதனையும் வேண்டும் என்று சேர்ந்தது. ஏழு கேட்டேன், மூன்று கிடைத்தது. எல்லைக் கேட்டும் திறந்துவிட்டது, நீங்கள் அறிந்திருப்பீர்கள்.

அன்று இரவு விருந்தில் சொம்வாங் எழுந்து, தான் ஆரம்பம் முதலே இந்த ஷரத்தை எதிர்த்ததாகப் பேசினார். கண்ணில் நீர் வந்தது அவருக்கு. என்னை இப்போது புள்ளிவிவரப் பிரிவுக்கு மாற்றியிருக்கிறார்கள். குடும்பத்தில் சட்டச் சிக்கல் உள்ளவர் பேச்சுவார்த்தைக் குழுவில் இருப்பது முறையல்லவாம்.

நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில். இல்லை, அந்த மேசையில் யாருக்கும் வியர்க்கவில்லை. நான் நிவாரணம் கேட்ட கோப்பு ஒரு பியூன் மேசையில் டம்ளருக்கு அடியில் கிடந்ததை இங்கே வந்து கண்ணால் பார்த்தேன். தேநீர்க் கறை வட்டமாகப் படிந்திருந்தது. நீங்கள் சொன்னது முழுக்க உண்மை. அதனால் நீங்கள் செய்தது சரியாகிவிடாது. பசித்திருந்தேன் என்று சொல்லி உங்கள் பெயரில் போட்டிருந்தால் நான் உங்களோடு நின்றிருப்பேன். வேலை போனாலும் நின்றிருப்பேன். என் பெயரில் போட்டீர்கள். என்னைக் கேட்காமல் எனக்காக முடிவு செய்கிறவர்களை எதிர்த்துத்தான் அத்தனை நாள் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர்களிடமாவது நான் முகத்துக்கு நேரே சண்டை போட முடிந்தது.

மாவட்டப் போலீஸ் உங்களைக் கூப்பிடும். நான் எதையும் கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை. நீங்களும் அப்படியே சொல்லிவிடுங்கள்.

இதை எழுதும்போது எனக்கு வாயெல்லாம் கசக்கிறது. சொம்வாங்கை நினைத்தாலும் கசக்கிறது, அந்த டம்ளரை நினைத்தாலும், உங்களை நினைத்தாலும். எது எதனுடைய கசப்பு என்று பிரிக்க முடியவில்லை. ஏப்ரல் புத்தாண்டுக்கு வீட்டுக்கு வருவேன். என் அம்மாவின் வீட்டில் அப்போது நீங்கள் இருக்க வேண்டாம்.

இப்படிக்கு,
வன்னாலி

—

லுவாங் நம்தா நகரம்
10 ஏப்ரல் 2005

அன்புள்ள வன்னாலி,

போலீஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னேன். சில நாள் வைத்திருந்தார்கள், அபராதம் போட்டு விட்டுவிட்டார்கள். இன்ஸ்பெக்டர், "யோவ், பொண்டாட்டி பேரைப் போட்டதுக்கு உள்ள வந்த மொத ஆளு நீதான்யா" என்றார். அவரும் சிரித்தார்.

இங்கே சந்தையில் அரிசி மண்டியில் வேலை கிடைத்திருக்கிறது. வீட்டைப் பூட்டிச் சாவியைப் புவா அக்காவிடம் கொடுத்திருக்கிறேன்.

ஊர்ச் செய்தி உனக்கு வேறு யாரும் எழுதமாட்டார்கள், அதனால் எழுதுகிறேன். கேட் திறந்ததும், கடைசியாகப் பறித்த பின்வெட்டுப் பழம் கொஞ்சம் நல்ல விலைக்குப் போனது. உன்னால்தான் என்று யாரும் சொல்லவில்லை. வன்னாலி புருஷனைக் காட்டிக்கொடுத்தவள் என்று மட்டும் சொல்கிறார்கள். நான் இல்லை என்றேன். நான் சொன்னால் யார் கேட்பார்கள்?

முதல் கையெழுத்தே பொய் என்று தெரிந்ததில் பழைய ஒப்பந்தங்கள் எல்லாமே செல்லாது என்று ஆகிவிட்டதால் வெய் மறுபடியும் வந்தார். இந்தத் தடவை எல்லாம் முறைப்படி. அவரவர் வயல், அவரவர் கை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை, கேட் திறந்தே இருந்தது. மறுக்கிற உரிமையை நீ வாங்கிக் கொடுத்திருந்தாய். எல்லோரும் வரிசையில் நின்று போட்டார்கள். பீர் இருந்தது, பாட்டு இருந்தது. நான் சாலையோரம் நின்று பார்த்தேன். எனக்கும் உன் கசப்பு அன்றைக்குத்தான் புரிந்தது.

புவா அக்கா மட்டும் போடவில்லை. ஏன் என்று கேட்டேன். "ஒரு தடவை கேட்டை மூடி என் பழத்தை அழுக வெச்சவன்கிட்ட நான் எதுக்குப் போகணும்?" என்றார். "அப்ப அன்னிக்கு எங்க வீட்டு வாசல்ல வந்து உடைச்சீங்களே?" என்றேன். "உங்க மேலயும் கோவம்தான். அதுக்கென்ன?" என்றார். நிலக்கடலை போடப் போகிறாராம்.

நீ வரும்போது நான் இருக்கமாட்டேன். பதிலும் எழுத வேண்டாம். கிளம்பும் முன் ஆற்றோர வயலில் இருந்த கொடியையெல்லாம் வேரோடு பிடுங்கிப் போட்டுவிட்டேன். இப்போது வெறும் மண். மழைக்கு முன்னால் எதையாவது போடச் சொல், இல்லாவிட்டால் புல் மண்டிவிடும். என்ன விதை என்பதை நீ சொல்.

இன்பெங்